யாருக்குப் பொருத்தம்? மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து ஒரு மதிப்பீட்டுக் கேள்வி

வெளிநாட்டு நிதியோடு நடக்கும் வளர்ச்சித் திட்டம் ஒன்று முடியும் தறுவாயில் அதை மதிப்பிட ஒரு குழு வரும். அக்குழு எழுதும் அறிக்கையின் முதல் அத்தியாயம் பெரும்பாலும் பொருத்தப்பாட்டைப் பற்றியதாக இருக்கும். இந்தத் திட்டம் இந்த மக்களுக்குத் தேவையானதுதானா என்பதே அங்கே கேள்வி. பணம் தாமதமாக வந்திருக்கலாம். கணக்கு ஒழுங்காக இல்லாமல் போயிருக்கலாம். கட்டிய கட்டடம் பூட்டிக் கிடக்கலாம். அதற்கெல்லாம் பின் அத்தியாயங்களில் மதிப்பெண் குறையும். முதல் அத்தியாயத்தில் மட்டும் ஏறக்குறைய எல்லாத் திட்டங்களும் தேறிவிடுகின்றன. மதிப்பீட்டு அறிக்கைகளைத் தொடர்ந்து படிப்பவர்கள் அறிந்த உண்மை இது. யாரும் தோற்காத ஒரு தேர்வு எதைச் சோதிக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பின் கீழ் உள்ள வளர்ச்சி உதவிக் குழு 1991இல் மதிப்பீட்டுக்கான நெறிகளை வகுத்தது. பொருத்தப்பாடு, பயன்விளைவு, செயல்திறன், தாக்கம், நிலைத்திருத்தல் என்ற ஐந்து அளவுகோல்கள் அதிலிருந்து பிறந்தன. உலகெங்கும் உதவித் திட்டங்களை எடைபோடுபவர்கள் இன்றும் இவற்றைத்தான் கையில் எடுக்கிறார்கள். 2019இல் இவை திருத்தப்பட்டு, மற்ற திட்டங்களோடு இசைந்துபோகிறதா என்ற ஆறாவது அளவுகோலும் சேர்ந்தது. பொருத்தப்பாட்டுக்கான விளக்கத்தில் அப்போது இரண்டு முக்கியமான மாற்றங்கள் நடந்தன. குறிக்கோள் மட்டுமல்லாமல் திட்டத்தின் வடிவமைப்பும் பயனாளிகளின் தேவைக்கு விடை சொல்ல வேண்டும் என்பது ஒன்று. சூழ்நிலை மாறினால் அதற்குப் பிறகும் அது பொருந்த வேண்டும் என்பது மற்றொன்று.

விளக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் என்ன நடக்கிறது? உலக வங்கி, திட்டக் குறிக்கோளின் பொருத்தத்தை உயர்வு, கணிசம், மிதம், புறக்கணிக்கத்தக்கது என்று நான்கு படிகளில் தரப்படுத்துகிறது. திட்டம் முடியும் வேளையில் அந்த நாட்டுக்காக வங்கியே வகுத்துவைத்திருக்கும் உத்தியோடு குறிக்கோள் ஒத்துப்போகிறதா என்பதே அங்கே முதன்மையான சோதனை. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியமான ஐஃபாட் ஒன்று முதல் ஆறு வரை மதிப்பெண் போடுகிறது. எந்த முறையானாலும் மதிப்பீட்டாளரின் மேசையில் இருப்பவை மாநில அரசின் கொள்கைக் குறிப்பு, 2017 வரை ஐந்தாண்டுத் திட்ட ஆவணம், நிதி தருபவரின் நாட்டு உத்தி, திட்ட ஆவணம் ஆகியவைதான். ஒரு தாளை இன்னொரு தாளோடு ஒப்பிட்டால் இரண்டும் பொருந்தும். பொருந்தும்படிதானே எழுதினார்கள்! வறுமை ஒழிப்பு, பெண்கள் முன்னேற்றம், நீடித்த வாழ்வாதாரம் ஆகிய சொற்கள் எல்லா ஆவணங்களிலும் உண்டு. அவற்றோடு ஒத்துப்போகாத திட்டத்தை எழுதுவதுதான் கடினம்.

தாளிலிருந்து இறங்கி ஒரு நிலப்பரப்பில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில், கடலுக்குச் சற்று உள்ளே இருக்கிறது பிரம்மதேசம். ஏரிப் பாசனமும் மானாவாரியும் கலந்த நிலம். அங்கிருந்து கிழக்கே போகப் போக மண் உவர்க்கும், பனை கூடும், பிறகு உப்பளங்கள் விரியும். உப்பளங்களுக்கு அருகே பக்கிங்காம் கால்வாய், கிழக்குக் கடற்கரைச் சாலை, அதற்கப்பால் கடலையொட்டி எக்கியார்குப்பம், வசவன்குப்பம், கைப்பாணிக்குப்பம், அழகன்குப்பம் எனக் குப்பங்களின் வரிசை. தெற்கில் கழுவெளி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி அது. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அவ்வளவு பழைய கரை.

இந்தச் சிறு பரப்புக்குள் நாலைந்து வகையான வாழ்க்கைகள் அடுத்தடுத்து நடக்கின்றன. கடலுக்குப் போகும் மீனவர்கள் குப்பங்களில் இருக்கிறார்கள். கழுவெளியிலும் கழிமுகத்திலும் கையாலேயே இறாலும் நண்டும் பிடிக்கும் இருளர்கள் இருக்கிறார்கள். உப்பளத்தில் கூலிக்குப் பாத்தி மிதித்து, உப்பு வாரி, தலையில் சுமக்கும் ஆண்களும் பெண்களும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வருகிறார்கள். தலித் குடும்பங்கள் அவர்களில் நிறைய. உள்ளே ஏரிப் பாசன விவசாயிகளும் விவசாயக் கூலிகளும். இவர்களுடைய ஆண்டு ஒரே மாதிரி ஓடுவதில்லை. மீனவருக்குக் கோடையில் மீன்பிடித் தடைக்காலம். உப்பளத்துக்குக் கோடைதான் உச்சம். தை, மாசியில் பாத்தி கட்டத் தொடங்கி, சித்திரை, வைகாசியில் உப்பு விளைந்து, வடகிழக்குப் பருவமழை வந்ததும் எல்லாம் நின்றுபோகும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை உப்பளக் கூலி கிடையாது. அதே மழைக்குத்தான் ஏரிக்கரை விவசாயி ஆண்டெல்லாம் காத்திருப்பார். ஒரே வட்டத்துக்குள் ஒருவரின் நல்ல மாதம் இன்னொருவரின் பட்டினி மாதம்.

'கடலோர மக்களின் தேவை' என்று ஒரு வாக்கியம் எழுதும்போது இவ்வளவும் அதற்குள் மறைந்துபோகிறது.

2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை வந்தது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் மாண்டார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல். விழுப்புரம் மாவட்டக் கரையில் இழப்பு ஐம்பதுக்குள் நின்றது. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் சேர்ந்து 2005 மார்ச்சில் இந்தியாவின் சேதக் கணக்கை வெளியிட்டன. மொத்தம் நூறு கோடி டாலர் அளவு. அதில் பெரும்பங்கு மீன்பிடித் தொழிலுக்கு. அடுத்து ஆசிய வளர்ச்சி வங்கியிடமிருந்து 20 கோடி டாலரும், உலக வங்கியிடமிருந்து 46.5 கோடி டாலரும் ஒப்புதலாயின. ஐஃபாட் தமிழகக் கடற்கரைக்கான வாழ்வாதாரத் திட்டத்துக்கு அந்த ஏப்ரலிலேயே இசைவு தந்தது. இவற்றைத் தவிர நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் பணத்தோடு வந்திறங்கின.

உலக அளவில் அந்த நிவாரணத்தை மதிப்பிட ஆழிப்பேரலை மதிப்பீட்டுக் கூட்டணி என்ற அமைப்பு உருவாகி, 2006இல் தன் அறிக்கைகளை வெளியிட்டது. வளர்ச்சி உலகம் தன்னையே இவ்வளவு கண்டிப்போடு பார்த்துக்கொண்ட தருணங்கள் குறைவு. பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் சராசரியாக 7,100 டாலர் திரண்டது என்றும், அதே 2004இல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்கு உண்மையில் செலவானது தலைக்கு மூன்று டாலர் என்றும் அந்த அறிக்கை எடுத்துக்காட்டியது. தேவைகளைக் கணக்கெடுத்த ஆய்வுகள் ஏராளமாக நடந்தும், பணம் எங்கே போக வேண்டும் என்ற முடிவுகளில் அவற்றின் செல்வாக்கு மிகக் குறைவாகவே இருந்தது என்றும் அதன் தனி ஆய்வு ஒன்று கண்டது. தேவையைப் பார்த்துப் பணம் வரவில்லை. வந்த பணத்துக்கு ஏற்ற தேவையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

படகுகளின் கதை இதற்குச் சான்று. தொலைக்காட்சியில் உலகம் பார்த்தது உடைந்த படகுகளை. படகு கொடுப்பது எளிது, எண்ணுவது எளிது, பெயர் எழுதிப் படம் எடுத்துக்கொள்வதும் எளிது. தமிழ்நாட்டுக் கரையெங்கும் கண்ணாடியிழைப் படகுகள் வந்து குவிந்தன, கட்டுமரம் ஒதுங்கியது. சில குப்பங்களில் அலைக்கு முன் இருந்ததைவிட அதிகப் படகுகள் நின்றன. அளவுக்கு மீறிப் படகு பெருகினால் கரையோர மீன்வளம் தாங்காது என்று உலக உணவு வேளாண் நிறுவனமே எச்சரித்தது. இனி, இந்தப் படகு விநியோகத்தைப் பொருத்தப்பாட்டு அளவுகோலில் வையுங்கள். மீனவர் வாழ்வாதாரத்தை மீட்பது அரசின் முன்னுரிமை. நிதி தந்தவரின் நோக்கமும் அதுவே. மீனவர்களும் படகு கேட்டார்கள். மதிப்பெண் முழுசாகக் கிடைத்துவிடும்.

வீடுகளின் கதி இன்னும் வலிக்கிறது. 2005 மார்ச் 30 தேதியிட்ட 172ஆம் அரசாணை, தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து நிரந்தர வீடுகள் கட்ட வழி செய்தது. 300 முதல் 325 சதுர அடி, வீடொன்றுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் என்பது கணக்கு. பாதுகாப்பான வீடு தேவை என்பதை யார் மறுப்பார்கள்? ஆனால் அந்தத் தேவைக்குக் கிடைத்த விடை பெரும்பாலும் தட்டையான கான்கிரீட் கூரையும் நேர்க்கோட்டுத் தெருக்களும். நாகைக் கரையில் பல ஆண்டுகள் கள ஆய்வு செய்த ஜெனிஃபர் டயின் பாரன்ஸ்டைன், சேதமில்லாத பழைய வீடுகள்கூட இடிக்கப்பட்டதையும், இடம் சமன்படுத்துவதற்காக மரங்கள் வெட்டப்பட்டதையும் பதிவு செய்திருக்கிறார். திண்ணையும் வேப்பமர நிழலும் போன பிறகு, வலை பின்னுவதும் கருவாடு காயவைப்பதும் முதியவர் பகலில் படுத்திருப்பதும் எங்கே நடக்கும்? குறிக்கோள் பொருந்தி, வடிவமைப்பு பொருந்தாமல் போவது இப்படித்தான். இவ்விரண்டையும் தனித்தனியே பார்க்கச் சொல்லும் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டியது.

உப்பளத் தொழிலாளியின் கதையோ, கதையாகவே ஆகவில்லை. அலை வந்த மார்கழி, உப்பு விளையும் மாதமல்ல. சேதக் கணக்கு என்பது அழிந்த உடைமைகளின் கணக்கு. படகு, வலை, இயந்திரம், வீடு, கால்நடை எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. உப்பு வாரும் பெண்ணுக்குச் சொந்தமான உடைமை எது? பலகையும் கூடையும்கூடப் பல நேரம் உப்பள உரிமையாளரான அளக்காரருடையவை. அவர் இழக்கக்கூடியது, வரவிருக்கும் பருவத்தின் கூலி. இன்னும் ஈட்டாத கூலியை எழுதக் கட்டம் இல்லை. பேரிடர் நிவாரணத்தை மதிப்பிடுவதற்காக ஆல்நாப் என்ற வலையமைப்பு 2006இல் வெளியிட்ட கையேடு, பொருத்தப்பாட்டோடு 'சென்றடைவு' என்ற தனி அளவுகோலையும் வைத்தது. உதவி யாரை எட்டவில்லை என்று கேட்பது அதன் வேலை. தமிழகக் கரையில் தலித்துகளும் பழங்குடியினரும் நிவாரணப் பட்டியலுக்கு வெளியே விடப்பட்டதைத் தலித் அமைப்புகள் அப்போதே ஆவணப்படுத்தின. பட்டியலில் இருப்பவர்களிடம் போய், 'இந்தத் திட்டம் உங்களுக்குப் பொருத்தமாக இருந்ததா?' என்று கேட்டால் கிடைக்கும் பதில் அரை உண்மைதான். மீதிப் பாதி பட்டியலுக்கு வெளியே நிற்கிறது.

பிரம்மதேசம் போன்ற ஊர் இந்த இடத்தில் முக்கியமாகிறது. அலை அங்கே எட்டவில்லை. 'கடலோரக் கிராமம்' என்ற வரையறைக்குள் அது வராது. ஆனால் உப்பளக் கூலியும் மீன் விற்பனையும் கரையோடு நிற்பதில்லை. தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்ணுக்கு வாடிக்கை கரைக்கு உள்ளே இருக்கும் ஊர்களில்தான். கரையில் தொழில் நின்றால் உள்ளே கடன் நிலுவையில் நிற்கும், கூலி குறையும். திட்ட எல்லையைக் கோடு போட்டு வரைபவர் தொழில் உறவுகளைப் பார்த்து வரைவதில்லை. நிர்வாக எல்லையைப் பார்த்து வரைகிறார். மதிப்பீட்டாளரும் அதே கோட்டுக்குள் நின்றுதான் கேள்வி கேட்கிறார்.

காலம் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டால் ஐஃபாட்டின் திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. ஒப்புதல் 2005இல். நடைமுறைக்கு வந்தது 2007இல். முடிந்தது 2020இல். பேரலைக்குப் பிந்தைய வாழ்வாதாரத் திட்டம் என்ற பெயரோடு பிறந்த ஒன்று ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் நீடித்தது. அலையின் போது கைக்குழந்தையாக இருந்தவர் மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் வயது வரை. இந்த இடைவெளியில் 2011 டிசம்பர் 30இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்து இந்தக் கரையைப் புரட்டிப்போட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நிலவிலை ஏறியது. மீனவர் பிள்ளைகள் வேறு வேலை தேடினார்கள். அத்திட்டத்தைக் குறை சொல்லிவிட்டுப் போவது நியாயமல்ல. வட்டிக்காரரிடம் மாட்டிய மீனவரின் கடனை அடைக்க ஏற்பாடு, மீன் விற்பனைச் சங்கங்கள், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு கடலடியில் செயற்கைப் பாறைத் திட்டுகள் என்று, படகு கொடுத்துவிட்டுப் போனவர்கள் தொடாத இடங்களை அது தொட்டது. அலைக்கு முன்பே இருந்த நோய்களான கடன், இடைத்தரகு, குறையும் மீன்வளம் ஆகியவற்றைப் பார்த்தது. அவசரத்தில் பிறந்த திட்டத்தைவிட, தாமதமாகித் தன்னைத் திருத்திக்கொண்ட திட்டம் சில வகைகளில் கூடுதலாகப் பொருந்தியது என்றே நான் நினைக்கிறேன். பொருத்தம் என்பது கையெழுத்துப் போட்ட நாளில் நிலைத்துவிடும் குணமல்ல. ஆண்டுதோறும் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டியது.

இந்தக் குழப்பம் புதியதல்ல. இந்தியாவின் முதல் பெரிய வெளிநாட்டு வளர்ச்சித் திட்டங்களில் ஒன்று, 1952இல் ஒப்பந்தமான இந்தோ-நார்வே மீன்வளத் திட்டம். கொல்லத்துக்கு அருகே நீண்டகரை, சக்திகுளங்கரை, புத்தன்துறை மீனவர்களின் வறுமையைப் போக்குவது அதன் தொடக்க நோக்கம். காலப்போக்கில் அது இயந்திரப் படகு, இழுவலை, உறைபதன இறால் ஏற்றுமதி என்று திரும்பியது. அந்நியச் செலாவணி தேடிக்கொண்டிருந்த நாட்டுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. நார்வே மானுடவியலாளர் ஆர்னே மார்ட்டின் கிளவுசன் 1968இல் வெளியிட்ட நூலிலும், கேரளப் பொருளியலாளர் ஜான் குரியன் 1985இல் எழுதிய கட்டுரையிலும் அதன் மறுபக்கம் இருக்கிறது. லாபம் பெருமளவு வணிகர்களிடமும் முதலீட்டாளர்களிடமும் போனது. இழுவலைப் படகுகளுக்கும் நாட்டுப்படகு மீனவர்களுக்கும் மூண்ட மோதல் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கேரளக் கரையைக் கொதிக்கவைத்தது. நாட்டுக் கொள்கையோடு ஒப்பிட்டால் இத்திட்டத்தின் பொருத்தம் ஆண்டுக்கு ஆண்டு கூடியது. எந்த மீனவருக்காகத் தொடங்கினார்களோ அவரை வைத்து அளந்தால் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. இரண்டையும் கூட்டி ஒரே மதிப்பெண் போட முடியுமா?

சரியாகக் கேட்டால் சரியான விடை கிடைக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. எழுபதுகளின் தொடக்கத்தில், அமெரிக்க உதவியோடு சிட்னி கேன்டர் நிறுவனம் தமிழ்நாட்டு ஊட்டச்சத்து ஆய்வை நடத்தியது; 1973இல் அதன் அறிக்கை வந்தது. சத்துக்குறைவின் கொடுமை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம்தான் மிகுதி என்றும், நடந்துகொண்டிருந்த உணவு வழங்கும் திட்டங்கள் பெரும்பாலும் அதைவிட மூத்த பிள்ளைகளையே எட்டின என்றும் அது காட்டியது. அதன் மேல் கட்டப்பட்டதுதான் உலக வங்கிக் கடனோடு 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். ஆறு மாதம் முதல் 36 மாதம் வரையான குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை கூடாமல் நின்ற குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குச் சத்துணவு தந்தார்கள். தாய்க்கு அறிவுரை தந்தார்கள். உலகெங்கும் பேசப்பட்ட திட்டமாக அது ஆனது. யாருக்கு, எந்த வயதில், என்ன குறை என்று திட்டம் எழுதும் முன்பே கேட்டதில்தான் அதன் வலிமை இருந்தது. மதிப்பீட்டாளர் கடைசியில் வந்து பொருத்தத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று நம் தென்னாற்காட்டுக்கே வந்தது. 1989இல் ஐஃபாட் உதவியோடு தருமபுரியில் தொடங்கிய தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் அடுத்து சேலத்துக்கும் தென்னாற்காட்டுக்கும் விரிந்தது. மரக்காணமும் பிரம்மதேசமும் அப்போது அந்த மாவட்டத்தில்தான். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல். அத்திட்டத்தின் சுயஉதவிக் குழுவை மாநில அரசு பின்னர் மகளிர் திட்டமாகத் தன் கையில் எடுத்துக்கொண்டது. வெளிநாட்டுப் பணம் நின்ற பிறகும் ஒரு திட்டத்தின் கரு உள்ளூரில் உயிரோடு இருக்கிறதா என்பது பொருத்தத்துக்கு நல்ல சோதனை. கறவை மாடு வாங்கத் தரும் பெரிய கடனைவிட, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் கேட்டவுடன் கிடைக்கும் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்தான் பெண்களைக் குழுவில் நிறுத்தியது என்பதைக் கிராமத்தில் குழு நடத்திய எவரும் சொல்வார்கள். மக்கள் எதை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள், எதைக் கைகழுவுகிறார்கள் என்று பார்ப்பது, கூட்டம் போட்டுத் திருப்தியா என்று கேட்பதைவிட நேர்மையான விடை தரும்.

ஏரிகளைப் பற்றியும் ஒரு சொல். 1984 முதல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் நிதியோடு தமிழக ஏரிகள் புதுப்பிக்கப்பட்டன. மதகும் வாய்க்காலும் சீராயின. ஆனால் அந்தக் காலகட்டத்திலேயே பல ஏரிப் பாசன ஊர்களில் விவசாயி கிணற்றுக்கும் மோட்டாருக்கும் மாறிக்கொண்டிருந்தார். அவருக்கு ஏரி வேண்டியது நிலத்தடி நீர் ஊறுவதற்காக. ஏரி வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்று; எதற்காக என்பதில் வேறு. அதே ஊரில் கிணறு இல்லாதவருக்கு மதகுத் தண்ணீரே உயிர்.

மதிப்பீட்டாளர்கள் இதையெல்லாம் அறியாதவர்கள் அல்ல. அவர்களைக் கட்டிப்போடுவது வேறு. களத்துக்கு ஒதுக்கப்படுவது சில நாட்கள். அந்த நாட்களும் பெரும்பாலும் மழை இல்லாத, சாலை நன்றாக இருக்கும், அலுவலகத்துக்கு வசதியான மாதங்களில் விழும். எந்த ஊர், எந்தக் குழு என்பதைத் திட்ட அலுவலகமே தேர்ந்துவைத்திருக்கும். கூட்டம் காலை பத்து மணிக்கு ஊராட்சி அலுவலகத்தில். உப்பளத்தில் வெயிலுக்கு முன் முடிக்க வேண்டும் என்று விடியுமுன்பே வேலைக்குப் போனவர் பத்து மணிக்கு எங்கே இருப்பார்? கூட்டத்துக்கு வருபவர்கள் தலைவிகள், செயலாளர்கள், பேசத் தெரிந்தவர்கள். ஏற்கெனவே ஏதாவது பெற்றவர்கள், அடுத்ததையும் எதிர்பார்ப்பவர்கள். வந்தவரிடம் குறை சொன்னால் வரவிருப்பது நின்றுவிடும் என்ற பயம் நியாயமானது. போதாக்குறைக்கு, மதிப்பீட்டுக்குக் கூலி தருபவரும் பெரும்பாலும் திட்டத்துக்குப் பணம் தந்தவரே.

அப்படியானால் பொருத்தத்தை எப்படித்தான் அளப்பது? ஆவண ஒப்பீட்டுக்கு மதிப்பெண் தருவதை முதலில் நிறுத்த வேண்டும். அது நுழைவுச்சீட்டாக இருக்கட்டும், வெற்றியாக வேண்டாம். அடுத்து, ஒவ்வொரு பிரிவினருக்கும் தனித்தனியே விடை எழுத வேண்டும். மீனவருக்கு உயர்வு, இருளருக்கு மிதம், உப்பளப் பெண்ணுக்கு இல்லை என்று எழுதும் அறிக்கை, சராசரி போட்டு 'கணிசம்' என்று எழுதும் அறிக்கையைவிடப் பயனுள்ளது. வேறு எதற்குச் செலவழித்திருக்கலாம் என்ற கேள்வியும் வேண்டும். பசித்திருக்கும் ஊரில் எதைக் கொடுத்தாலும் ஓரளவு உதவும். உதவியது என்பதாலேயே அதுதான் தேவையாக இருந்தது என்று ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக நாட்காட்டி வேண்டும். எந்த மாதத்தில் கை வறண்டிருக்கிறது, அந்த மாதத்தில் திட்டம் எங்கே இருந்தது?

நாட்காட்டி அறிந்த ஒரு சிறு ஏற்பாட்டைத் தமிழக அரசே செய்திருக்கிறது. உப்பளத் தொழிலாளர்களுக்கு உற்பத்தி இல்லாத மழைக்காலத்தில் 5,000 ரூபாய் நிவாரணம் தருவது 2022இல் தொடங்கியது. மூன்று மாத வெறுமைக்கு ஐயாயிரம் போதாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் கோடிக்கணக்கான டாலரில் வந்த திட்டங்கள் பல காணத் தவறிய ஒன்றை அது கண்டது: அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்ற காலத்தை. அளவில் சிறியது, பொருத்தத்தில் பெரியது.

சூழ்நிலை மாறினாலும் பொருந்த வேண்டும் என்ற 2019ஆம் ஆண்டு வரிக்கு இந்தக் கரையில் இப்போது புதிய அழுத்தம் கூடியிருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மரக்காணத்து உப்பளங்கள் நீரில் மூழ்கின. ஆபத்து கடலிலிருந்துதான் வரும் என்று நம்பி வடிவமைத்த திட்டங்களுக்கு, அந்த முறை வெள்ளம் பெருமளவு வானத்திலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்தது. உள்ளூர் ஏரிகள் நிறைந்து வழிந்த நீர் கழுவெளியை நோக்கித்தான் வரும். கடற்கரையைப் பாதுகாக்க நினைப்பவர் பிரம்மதேசத்து ஏரியையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும் என்பதை அந்த மழை காட்டியது.

இதே கரைக்கு இப்போது அடுத்த பெரிய திட்டம் வந்துவிட்டது. 2023-24 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட தமிழ்நாடு நெய்தல் மீட்சி இயக்கம், உலக வங்கியின் துணையோடு 'டிஎன்-ஷோர்' என்ற பெயரில் 1,675 கோடி ரூபாய் மதிப்பில் நடைமுறைக்கு வருகிறது. அலையாத்திக் காடு, கடற்புல், பவளப்பாறை, நெகிழிக் கழிவு, கடலோரச் சுற்றுலா என்று அதன் பரப்பு விரிவானது. மரக்காணத்தில் பன்னாட்டுப் பறவைகள் மையம் அமையும் என்ற அரசின் அறிவிப்பும் இருக்கிறது. இவை எல்லாமே தேவைதான். கழுவெளியின் பறவைகளைக் காப்பதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. கழுவெளியில் கையால் நண்டு பிடிக்கும் குடும்பமும், கரையோரப் பாத்தியில் உப்பு வாரும் குடும்பமும் இந்தத் திட்டங்களின் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இத்திட்டங்களுக்கும் இடைக்கால மதிப்பீடு வரும், இறுதி மதிப்பீடு வரும். அவற்றை நடத்தப்போகும் குழுக்களுக்கும், பணி வரையறையை எழுதும் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மரக்காணத்துக்கு ஒருமுறை சித்திரையில் வாருங்கள், ஒருமுறை ஐப்பசியில் வாருங்கள். பயனாளிப் பட்டியலைத் திட்ட அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அதில் பெயர் இல்லாத வீடுகளிலிருந்து தொடங்குங்கள். உப்பளத்து வேலை முடிந்து ஆட்கள் திரும்பும் நேரம் வரை காத்திருங்கள். அவர்கள் சொல்வதை, மதிப்பெண் குறைந்தாலும், அறிக்கையின் முதல் அத்தியாயத்திலேயே எழுதுங்கள்.